பூட்டிய வீட்டுக்குள் அப்பத்தா இருந்தார்: ஓர் ஆதாயக் கொலை வழக்கு

திருட வந்தவன் ஏன் கொலை செய்கிறான் என்று கேட்டால் நம் ஊரில் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். ஒன்று, கஞ்சா போதை. இன்னொன்று, வெளியூர்க்காரன், ஈவு இரக்கம் இல்லாதவன். மேலூர் பக்கத்து வழக்கு ஒன்றை இங்கே முழுதாகப் பிரித்து வைக்கிறேன். இதில் போதையும் இல்லை, கொன்றவன் வெளியூர்க்காரனும் இல்லை. இறந்துபோன அப்பத்தாவின் கண் முன்னால்தான் கொன்றவன் டவுசர் போட்ட வயதிலிருந்து வளர்ந்தான். அந்தப் பழக்கம்தான் அவர் உயிருக்கு உலையானது என்பது என் முடிவு. எப்படி என்று பார்ப்போம்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். எந்த ஊர், எந்த வீடு என்று தேட வேண்டாம். ஒரே மாதிரி நடக்கும் வழக்குகளில் இருந்து விவரங்களை எடுத்து ஒரே வீட்டில் வைத்து எழுதியிருக்கிறேன், எந்தக் குடும்பத்தையும் அடையாளம் காட்டக் கூடாது என்பதற்காக. சட்டப் பிரிவுகளும் வெளியில் நடந்த சம்பவங்களும் உள்ளது உள்ளபடி.

மதுரைச் சித்திரைத் திருவிழா, அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை நாள். நான்குவழிச் சாலையில் இருந்து உள்ளே தள்ளி இருக்கும் சின்ன ஊர். மதியச் சாப்பாடு முடிந்ததும் மகன், மருமகள், இரண்டு பிள்ளைகள் நான்கு பேரும் மாட்டுத்தாவணிக்குப் பஸ் ஏறிவிட்டார்கள். தல்லாகுளத்தில் எதிர்சேவை பார்த்துவிட்டு, சொந்தக்காரர் வீட்டில் கொஞ்ச நேரம் படுத்து, விடியற்காலையில் அழகர் ஆற்றில் இறங்குவதையும் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார்கள். வருஷா வருஷம் அப்படித்தான். அப்பத்தாவுக்கு எழுபதைத் தாண்டிய வயது, மூட்டு வலி, கூட்டத்தில் நிற்க முடியாது. அவர் வீட்டிலேயே இருந்துகொண்டார்.

கிளம்பும்போது மருமகள் ஒரு காரியம் செய்தார். முன் கதவை வெளியே இழுத்துச் சாத்தி, பூட்டுப் போட்டு, சாவியைக் கைப்பையில் வைத்துக்கொண்டார். இதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. அப்பத்தா உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டால் காலையில் எழுப்பித் திறக்கவைப்பது பெரும் பாடு, தட்டினாலும் காது சரியாகக் கேட்காது, அவசரமாக எழுந்து வந்து விழுந்துவிட்டால் இன்னும் மோசம். பின் கதவு உள்ளே தாழ் போட்டுத்தான் இருந்தது, அவசரம் என்றால் அப்பத்தா அந்த வழியாகப் போகலாம். வயதானவர்கள் இருக்கும் எத்தனையோ வீடுகளில் இன்றைக்கும் இதுதான் வழக்கம்.

ஆனால் தெருவில் போகிறவன் கண்ணுக்கு அந்தப் பூட்டு என்ன சொல்லும்? வீட்டில் ஆள் இல்லை, எல்லாரும் அழகரைப் பார்க்கப் போய்விட்டார்கள். அதே பூட்டு உள்ளே இருந்தவருக்கு வாசலே இல்லாமல் செய்துவிட்டது.

வந்தவர்கள் இரண்டு பேர். முதல் ஆள் அதே ஊர், இரண்டு தெரு தள்ளி. பெயிண்ட் அடிக்கும் வேலை. தைப்பொங்கலுக்கு முன்னால் அந்த வீட்டுக்கும் அவன்தான் பெயிண்ட் அடித்தான். பீரோ எந்த அறையில் நிற்கிறது, பின் கதவுத் தாழ்ப்பாள் எவ்வளவு பழசு, மூத்த பிள்ளையின் கல்யாணத்துக்கு நகை சேர்க்கிறார்கள் என்பதெல்லாம் வேலை பார்த்த நாட்களில் காதிலும் கண்ணிலும் பட்டவை. மொபைலில் ரம்மி ஆடி விட்டது கொஞ்சம், பைக் தவணை பாக்கி கொஞ்சம், வட்டிக்கு வாங்கியது கொஞ்சம் என்று கழுத்து வரை கடன். இரண்டாவது ஆள் வேலையில் கிடைத்த கூட்டாளி, வேறு ஊர். அதற்கு முன் கொலை, அடிதடி என்று இருவர் மேலும் எதுவும் இல்லை. கூட்டாளி மேல் மட்டும் பழைய பைக் திருட்டு வழக்கு ஒன்று.

கையில் கொண்டுபோனது ஒரு குட்டைக் கடப்பாரையும் ஒரு பெரிய ஸ்க்ரூ டிரைவரும். அரிவாள், கத்தி எதுவும் எடுக்கவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நீதிமன்றத்தில் இதை வைத்துத்தான் பெரிய வாதம் நடந்தது.

இரவு பதினொரு மணி சுமாருக்குப் பின் கதவை நெம்பி உள்ளே வந்துவிட்டார்கள். சமையலறை, அதைத் தாண்டி பீரோ இருக்கும் அறை. அப்பத்தா முன் ஹாலில், ஃபேனுக்கு நேர் கீழே கட்டிலில் படுத்திருந்தார். இருட்டில் அவர்கள் ஹால் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை. பூட்டிய வீட்டில் எதற்குப் பார்க்க வேண்டும்? பீரோவின் வெளிக்கதவை நெம்பும்போது தகரம் மடங்கும் சத்தம் வந்தது. காது மந்தமானவருக்கே அது கேட்டது என்றால் எவ்வளவு சத்தம் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

உள்ளே நடந்தது நமக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள், கேட்க வேண்டிய கேள்விதான். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது, பழைய சாட்சியச் சட்டத்தின் 25-வது பிரிவு அது. ஆனால் இந்த வழக்கில் இரண்டு வழிகளில் தெரியவந்தது. கூட்டாளி பிற்பாடு நீதித்துறை நடுவர் முன்னால் வாக்குமூலம் கொடுத்தான். அப்புறம் பக்கத்து வீட்டு அக்கா. டிவியில் எதிர்சேவை நேரலை பார்த்துவிட்டு, புழுக்கம் தாங்காமல் மாடியில் பாய் போட்டுப் படுத்திருந்தார். பௌர்ணமிக்கு முந்தின இரவு, நல்ல நிலா வெளிச்சம், தூக்கம் பிடிக்கவில்லை.

அப்பத்தா முதலில் கேட்டது "யாரு, வந்துட்டீகளா?" என்றுதான். பேரப்பிள்ளைகள் வந்துவிட்டதாக நினைத்திருக்கிறார். பதில் வரவில்லை. எழுந்து சுவரைப் பிடித்து நடந்துவந்து லைட்டைப் போட்டார். கூட்டாளி பீரோவுக்குப் பின்னால் பதுங்கிவிட்டான். பெயிண்டர் முகத்தில் துண்டு கட்டியிருந்தான், ஆனால் துண்டு கட்டினால் ஆளைத் தெரியாதா? நிற்கிற நிலை, தோள், கால், எல்லாம் அவருக்குத் தெரிந்த பிள்ளை. அடுத்து அவர் சொன்னதை மாடியில் இருந்த அக்காவே கேட்டார்: "அடேய், நீயா? இரு, ஒங்கப்பன்ட்ட சொல்றேன்."

அந்த அக்கா என்ன நினைத்தார் தெரியுமா? தெருப் பையன் எவனோ தண்ணி கேட்டோ, மாங்காய்க்கோ உள்ளே வந்து திட்டு வாங்குகிறான் என்று நினைத்தார். அப்பத்தா அப்படித்தான் எல்லாரையும் திட்டுவார். அதற்குப் பிறகு பேச்சுக் குரல் எதுவும் மாடிக்குக் கேட்கவில்லை, இவரும் கண்ணை மூடிவிட்டார். சாட்சிக் கூண்டில் இதைச் சொல்லும்போது அவர் உடைந்து போனார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த வார்த்தைகளைக் கேட்டுக் கொலை நடக்கப்போகிறது என்று யார்தான் நினைப்பார்கள்?

கொல்லப்படுவோம் என்று அப்பத்தாவும் நினைக்கவில்லை. அவர் பார்வையில் எதிரே நின்றவன் திருடன்கூட இல்லை, தப்பு செய்த பிள்ளை. அப்பனிடம் சொன்னால் சரியாகிவிடும். ஆனால் அவனுக்கு அந்த வாக்கியம் வேறு மாதிரி விழுந்தது. அப்பனுக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும், ஸ்டேஷனுக்குத் தெரியும், பார்த்துக்கொண்டிருந்த பெண் வீட்டுக்குத் தெரியும். அந்த நொடி வரை அவன் பெயரில்லாத திருடன், பின் கதவு திறந்தேதான் கிடக்கிறது, ஓடினால் போயிற்று. பெயர் தெரிந்த பிறகு ஓடிப் பிரயோஜனம் இல்லை என்று அவன் நினைத்தான்.

அப்பத்தா திரும்பி முன் கதவை நோக்கி நடந்தார். கதவைத் தட்டினார், இழுத்தார். வெளியே பூட்டு. அந்தச் சத்தம்தான் அவனைக் கிளப்பிவிட்டது என்று கூட்டாளி சொன்னான். பின்னால் போய் வாயைப் பொத்தினான், அவர் கையைக் கடித்தார், தள்ளினான், நிலைப்படியில் தலை மோதி விழுந்தார். விழுந்தவர் முனகினார். கட்டிலில் இருந்த தலையணையை எடுத்து முகத்தில் வைத்து அழுத்தினான். "விட்றா, வாடா போயிருவோம்" என்று கூட்டாளி சொன்னதாக அவனே சொல்கிறான். சொல்லியிருக்கலாம். ஆனால் கையைப் பிடித்து இழுக்கவில்லை, வெளியே ஓடவும் இல்லை.

அதன்பின் செய்ததுதான் எனக்கு ஜீரணிக்க முடியாதது. கழுத்துச் சங்கிலியைக் கழற்றினார்கள். காதில் கிடந்த தண்டட்டியைக் கழற்றத் தெரியாமல் அறுத்தார்கள். பீரோவில் வெளித்தட்டில் இருந்த பணம் கொஞ்சம், ஒரு செல்போன். எதற்காக வந்தார்களோ அந்தக் கல்யாண நகை பீரோவின் உள் லாக்கரில் அப்படியே இருந்தது, அதைத் திறக்கும் தைரியம் இருவருக்கும் இல்லை. போகும்போது சமையலறையில் மிளகாய்ப் பொடி டப்பாவைத் திறந்து பின் வாசல் வரை தூவிவிட்டுப் போனார்கள், மோப்ப நாய்க்காக.

காலையில் குடும்பம் வந்தது. முன் பூட்டு போட்டது போட்டபடி இருந்ததால் திறக்கிற வரை யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

விசாரணையின் முதல் நாள் வீணாகப் போனது. பக்கத்தில் செங்கல் சூளையில் வேலை பார்த்த வடமாநிலப் பையன்கள் மேல் ஊர் பாய்ந்தது. இரண்டு பேரை இழுத்துவந்து அடித்தும்விட்டார்கள். இன்ஸ்பெக்டர் வந்துதான் மீட்டார். இப்படிப் பாய்வதற்கு ஒரு பின்னணி இருக்கிறது. வடக்கே இருந்து வந்த பவாரியா கொள்ளைக் கும்பல் தமிழ்நாட்டை ஆட்டிப்படைத்த காலத்தை நாம் இன்னும் மறக்கவில்லை. 2005 ஜனவரியில் கும்மிடிப்பூண்டி எம்.எல்.ஏ. சுதர்சனத்தை அவர் வீட்டுக்குள்ளேயே சுட்டுக் கொன்றார்கள். லாரியில் வந்து, நெடுஞ்சாலையை ஒட்டிய வீடுகளாகப் பார்த்துக் கதவை உடைத்து, எடுத்ததுமே உள்ளே இருப்பவர்களை அடித்துப் போடுவது அவர்கள் பாணி. போலீஸ் அதிகாரி ஜாங்கிட் தலைமையில் தனிப்படை போட்டு வடக்கே போய்த்தான் பிடித்தார்கள். அங்கே அடிப்பதே முதல் வேலை, வீட்டில் ஆள் இருப்பது தெரிந்தே வந்தார்கள். மேலூர் வழக்கு அதற்கு நேர் எதிர். ஆள் இருக்காது என்று நம்பி வந்தவர்கள் இவர்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் தேட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறெங்கோ தேடுவோம், அதுதான் முதல் நாள் நடந்தது.

இன்ஸ்பெக்டர் கண்ணில் பட்டவை சாதாரண விஷயங்கள். வீட்டில் வேறு எதையும் கலைக்கவில்லை, நேராகப் பீரோ அறைக்குத்தான் போயிருக்கிறார்கள். மிளகாய்ப் பொடி வெளியில் இருந்து வந்தது அல்ல, சமையலறையில் இருட்டில் தேடி எடுத்தது, அதாவது டப்பா எங்கே இருக்கும் என்று தெரிந்தவன். பக்கத்து வீட்டு அக்கா சொன்ன அந்த ஒரு வரி. இது மூன்றும் சேர்ந்தால் வெளியூர் ஆள் என்ற பேச்சுக்கே இடமில்லை. நாய் கண்மாய்க்கரை வரை போய் நின்றுவிட்டது, அதனால் பெரிய உபயோகம் இல்லை.

பீரோவில் பெயிண்டரின் கைரேகை கிடைத்தது. ஆனால் அது செல்லாக் காசு. "அந்த வீட்டில் பெயிண்ட் அடித்தேன், பீரோவை நகர்த்தினேன், அப்போது பட்டிருக்கும்" என்று சொன்னால் முடிந்தது, உண்மையிலேயே நகர்த்தித்தான் இருந்தான். வழக்கை நிலைநிறுத்தியது மிளகாய்ப் பொடி டப்பா. அதன் மூடியில் அவனுடைய கட்டைவிரல் ரேகை முழுசாக இருந்தது. மருமகள் வாக்குமூலத்தில் சொன்னார்: பழைய டப்பா ஓட்டையாகிவிட்டதால் திருவிழாவுக்குப் பத்து நாள் முன்னால்தான் மேலூர் சந்தையில் இந்த எவர்சில்வர் டப்பாவை வாங்கினோம். பெயிண்ட் வேலை தைப்பொங்கலுக்கு முன். அவனால் அந்த ரேகைக்குக் காரணம் சொல்லவே முடியவில்லை. நாயை ஏமாற்ற எடுத்த பொருளே அவனைக் காட்டிக்கொடுத்தது.

ஆறாவது நாள் இருவரும் பிடிபட்டார்கள். சங்கிலி மதுரையில் ஒரு அடகுக் கடையில் கிடைத்தது, தண்டட்டி கூட்டாளி வீட்டு ஓட்டு இடுக்கில். பொருள் இருக்கும் இடத்தை அவர்களே காட்டி எடுத்துக் கொடுத்ததால், போலீஸிடம் சொன்னதில் அந்த அளவு மட்டும் சாட்சியச் சட்டம் 27-வது பிரிவின் கீழ் செல்லுபடியானது. திருடு போன பொருள் சில நாட்களுக்குள் ஒருவன் கையில் இருந்தால் அவன்தான் திருடன், அல்லது திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்கியவன் என்று நீதிமன்றம் ஊகிக்கலாம் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது, 114-வது பிரிவில்.

பிணக்கூறாய்வு பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வகைச் சாவுகளில் நழுவிப்போவது இங்கேதான். தலையணையால் அழுத்திக் கொன்றால் வெளியே பெரிய காயம் தெரியாது. வயதானவர், விழுந்திருக்கிறார், தலையில் அடி, இயற்கையாகவோ விழுந்தோ இறந்தார் என்று முடித்துவிட முடியும். பல் இல்லாதவர்களுக்கு உதட்டின் உள்பக்கம்கூடக் காயம் இல்லாமல் போகலாம், பல்லில் அழுந்தினால்தானே கிழியும். அப்பத்தாவுக்குக் கீழே இரண்டு பல் மிச்சம் இருந்தது. கீழுதட்டின் உள்பக்கம் அந்த இரண்டு பல்லுக்கு நேரே கிழிந்திருந்தது. கண் இமைகளின் உள்ளே புள்ளி புள்ளியாக ரத்தக் கசிவு. தலைக்காயம் உயிரை எடுக்கும் அளவு இல்லை. மூச்சுத் திணறித்தான் இறந்தார் என்று மருத்துவர் உறுதியாகச் சொல்ல இவை போதுமானதாக இருந்தன.

இப்போது நீதிமன்றம். பெயிண்டர் தரப்பு வாதம் ஒன்றுதான்: கொல்லும் நோக்கம் இல்லை. கத்தி எடுத்துப் போகவில்லை, ஆள் இருப்பதே தெரியாது, சத்தம் போடாமல் இருக்கத்தான் அழுத்தினான், ஆகவே இது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 302-வது பிரிவு சொல்லும் கொலை அல்ல, 304-ன் இரண்டாம் பகுதி, அதாவது கொலை ஆகாத மரணக் குற்றம். கேட்பதற்கு நியாயம் போலத்தான் இருக்கும். ஆனால் 1958-ல் உச்ச நீதிமன்றம் விர்சா சிங் வழக்கில் வகுத்த அளவுகோல் இதற்குப் பதில் சொல்கிறது. சாக வேண்டும் என்று நினைத்தானா என்பது கேள்வி இல்லை. அந்தக் காயத்தை வேண்டுமென்றே ஏற்படுத்தினானா, அந்தக் காயம் இயல்பான போக்கில் உயிரை எடுக்கப் போதுமானதா, இரண்டுக்கும் ஆம் என்றால் அது கொலை. தலையணையை ஒரு நொடி வைத்து எடுத்தால் யாரும் சாவதில்லை. உடம்பு துடித்து, அடங்கி, அதற்குப் பிறகும் நிமிடக் கணக்கில் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். அத்தனை நேரமும் கையை எடுக்க அவனுக்கு வாய்ப்பு இருந்தது. ஆயுள் தண்டனை.

கூட்டாளி விஷயம் இன்னும் கவனிக்க வேண்டியது. அவன் அப்பத்தாவைத் தொடவில்லை. "நான் பீரோகிட்ட நின்னேன், வேணாம்னு சொன்னேன்" என்றான். கொலையில் பொது நோக்கம் என்று 34-வது பிரிவைப் போட்டு அவனையும் 302-க்குள் கொண்டுவர அரசுத் தரப்பு முயன்றது, நீதிமன்றம் சந்தேகத்தின் பலனைக் கொடுத்தது. ஆனால் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 460 என்று ஒரு பிரிவு இருக்கிறது. ராத்திரியில் வீட்டை உடைத்து உள்ளே போனவர்களில் யாராவது ஒருவன் ஒருத்தரைக் கொன்றால் போதும், கூடப் போன எல்லாருக்கும் ஆயுள் அல்லது பத்து வருஷம் வரை. கொலை செய்யும் எண்ணம் கூட வந்தவனுக்கு இருந்ததா என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை. கொள்ளையின்போது காயம் ஏற்படுத்துவதற்கான 394-ம் இதே போலக் கூட்டாளிகளையும் சேர்த்து இழுக்கும். அவனுக்குப் பத்து வருஷம். 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடக்கும் சம்பவங்களுக்கு பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டம் வந்துவிட்டது: 302 இப்போது 103, 460 இப்போது 331(8), 394 இப்போது 309(6). எண்தான் மாறியது, பிடி மாறவில்லை. "சும்மா வெளிய நில்லு, மச்சான்" என்று கூப்பிட்டால் போகிற பையன்களுக்கு இதை யாராவது சொல்லிக் கொடுங்கள்.

சரி, இது ஏன் கொலையில் முடிந்தது?

வீடு காலி என்ற நம்பிக்கை பொய்த்ததுதான் தொடக்கம். வீட்டை உடைத்துத் திருடுகிறவன் பொதுவாக ஆளைத் தவிர்க்கத்தான் பார்ப்பான், அதனால்தான் பூட்டைத் தேடுகிறான். அமெரிக்க நீதித்துறையின் புள்ளிவிவரப் பிரிவு 2010-ல் வெளியிட்ட அறிக்கை ஒன்று இருக்கிறது. 2003 முதல் 2007 வரை அந்த நாட்டில் வருஷத்துக்குச் சராசரி 37 லட்சம் வீட்டு உடைப்புகள், அதில் சுமார் 10 லட்சம் தடவை வீட்டில் ஆள் இருந்தார்கள், சுமார் 2.66 லட்சம் தடவை வன்முறை நடந்தது. அதாவது ஆள் இருந்தும் பெரும்பாலும் கைவைக்காமல் போயிருக்கிறார்கள். ஆனால் வன்முறை நடந்ததில் 65 சதவீதம் பேர் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்த ஆட்கள். 61 சதவீதம் பேர் ஆயுதமே வைத்திருக்கவில்லை. பிரிந்துபோன கணவன், பழைய காதலன் என்று வம்புக்கென்றே வந்தவர்களும் அந்தக் கணக்கில் உண்டு, அதனால் நம் ஊருக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் தெரிந்த ஆள், தாக்க ஆயுதம் கொண்டுவராதவன் என்ற இரண்டும் மேலூர் வீட்டோடு எவ்வளவு ஒத்துப்போகிறது பாருங்கள். ஆயுதம் இல்லாமல் வந்தவன் ஆபத்தில்லாதவன் என்று அர்த்தம் இல்லை. தலையணை எந்த வீட்டில் இல்லை?

அடுத்தது அடையாளம். முன்பின் தெரியாதவன் பிடிபடும் நிலை வந்தால் ஓடுகிறான், அவனுக்கு ஓட்டம்தான் லாபம். தெரிந்தவனுக்கு ஓட்டத்தால் லாபம் இல்லை. அவன் போடும் கணக்கு முழுத் தப்பு, அதையும் சொல்ல வேண்டும். நெம்பிய பீரோவோடு அவன் அப்படியே போயிருந்தால், திருட்டுக்காக ராத்திரி வீட்டை உடைத்ததற்கு 457-ன்படி சட்டத்தில் அதிகபட்சம் 14 வருஷம், முதல் வழக்கு என்றால் நடைமுறையில் அதைவிட வெகு குறைவாகத்தான் கிடைத்திருக்கும். அப்பத்தா காலில் விழுந்திருந்தால் கேஸே இல்லாமல் போயிருக்கவும் கூடும், அவர் அப்படிப்பட்டவர் என்று ஊரே சொல்கிறது. ஆனால் லைட் போட்ட அந்த நேரத்தில் யாரும் பிரிவு எண்களை யோசிப்பதில்லை.

அவன் பயந்தது நீதிமன்றத்துக்கு அல்ல என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது. கோர்ட்டு ரொம்பத் தூரத்தில் இருக்கிறது. கிட்டத்தில் இருந்தது ஊர். திருடன் பிடிபட்டால் நம் ஊர்களில் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும்: மின்கம்பத்தில் கட்டி வைப்பது, ஆளுக்கு ஒரு அடி, அதை மொபைலில் எடுத்து அனுப்புவது. அடுத்த நாள் செங்கல் சூளைப் பையன்களுக்கு நடந்ததே அதுதான், ஒரு பாவமும் அறியாதவர்களுக்கு. அந்த அடியை வளர வளரப் பார்த்து வந்தவன் பெயிண்டர். மாட்டிக்கொண்டால் உயிரோடு விடமாட்டார்கள் என்று கூட்டாளியிடம் அவன் முன்பே சொல்லியிருக்கிறான். அவன் செய்ததற்கு இது சமாதானம் ஆகாது, எழுபது வயதுக் கிழவியை அழுத்திக் கொன்றதற்கு எந்தச் சமாதானமும் இல்லை. ஆனால் கட்டி வைத்து அடிப்பது திருட்டைக் குறைக்கும் என்று நம்புகிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்: அது சிக்கிக்கொண்ட திருடனை முரட்டுத்தனமாக்கும், அதற்கு விலை கொடுப்பது வீட்டில் தனியாக இருக்கிறவர்.

ஆள் இரண்டு பேராக இருந்ததும் சேர்ந்துகொண்டது. ஒருத்தன் மட்டும் என்றால் பயத்தில் போட்டது போட்டபடி ஓடியிருக்கலாம். இரண்டு பேர் இருக்கும்போது ஒருவன் முன்னால் மற்றவன் பின்வாங்க யோசிப்பான். அடையாளம் தெரிந்தது ஒருத்தனுடையதுதான், ஆனால் அவன் மாட்டினால் அடுத்தவன் பெயரும் வரும்.

வீட்டுக்காரருக்கு என்ன உரிமை என்றும் கேட்கிறார்கள். சட்டம் நிறையவே கொடுக்கிறது. ராத்திரி வீட்டை உடைத்து வருகிறவன் விஷயத்தில் தற்காப்பு உரிமை அவன் உயிரை எடுப்பது வரைகூட நீளும், பழைய தண்டனைச் சட்டத்தில் 103-வது பிரிவு, இப்போது நியாய சன்ஹிதாவில் 41. தேவைக்கு மேல் போகக் கூடாது என்ற நிபந்தனை உண்டு. அவனைப் பிடித்துக் கட்டிய பிறகு அடிப்பது தற்காப்பில் சேராது, அடிப்பவர் மேலேயே வழக்கு வரும். ஆனால் உரிமை இருப்பது வேறு, மூட்டு வலியோடு தனியாக நிற்கும் ஒருவர் அதைப் பயன்படுத்துவது வேறு. அந்தச் சூழ்நிலையில் செய்ய வேண்டியது அவன் வெளியே போகும் வழியில் நிற்காமல் ஒதுங்குவது. முகம் தெரிந்தாலும் தெரியாதது போல "யாரது, யாரது" என்று கத்துவது. பெயரைச் சொல்லக் கூடாது, அப்பன் பெயரையும் சொல்லக் கூடாது. உள்ளே தாழ் போடக்கூடிய அறை பக்கத்தில் இருந்தால் அதற்குள் போய்விடுவது இன்னும் நல்லது. இதையெல்லாம் வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசிவைக்க வேண்டும், அவர்கள் திட்டினாலும் பரவாயில்லை.

ஆள் உள்ளே இருக்கும்போது வெளியே பூட்டுப் போடாதீர்கள். காலையில் திறப்பதுதான் பிரச்சினை என்றால் இரண்டு பக்கமும் சாவி போடும் பூட்டைக் கதவிலேயே பதிக்கலாம், ஆசாரியைக் கூப்பிட்டால் அரை நாள் வேலை. உள்ளே ஒரு சாவி கைக்கு எட்டும் இடத்தில் தொங்க வேண்டும். திண்ணையில் லைட் எரியட்டும், ஒரு செருப்பு கிடக்கட்டும், ஆள் இருக்கிறார்கள் என்று தெருவுக்குத் தெரிவதுதான் பாதுகாப்பு. எல்லாரும் கிளம்புகிற திருவிழா நாளில் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போனால் ரோந்து போகிறவர்கள் ஒரு தடவை எட்டிப் பார்ப்பார்கள். பக்கத்து வீட்டில் "கெழவி தனியா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவது அதைவிட முக்கியம். அந்த அக்காவுக்கு அன்றைக்கு அதுகூடத் தெரியாது, குடும்பம் திரும்பி வந்துவிட்டது போலிருக்கிறது என்றும் நினைத்திருக்கிறார்.

பக்கத்து வீட்டில் நேரம் கெட்ட நேரத்தில் குரல் கேட்டால் மாடியில் இருந்தே ஒரு சத்தம் கொடுங்கள்: "அப்பத்தா, என்ன ஆச்சு?" பதில் வரவில்லை என்றால் இன்னொரு தடவை கூப்பிட்டு, லைட்டைப் போட்டு, 100-க்கோ 112-க்கோ அடியுங்கள். தனியாக இறங்கி ஓடிப்போய்ப் பின் வாசலில் நிற்காதீர்கள், அவன் வெளியே வரும் வழி அது. அவன் ஓடினால் ஓடட்டும், பிடிக்கிற வேலையைப் போலீஸ் பார்த்துக்கொள்ளும். இந்த வழக்கில் ஒரு மிளகாய்ப் பொடி டப்பாவை வைத்து ஆறே நாளில் பிடித்தார்கள்.